பழைய படமும் வாப்பா நிறுத்திய இடமும்





சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரர் எம்மைத் தனியே அழைத்தார். அவருடைய மகன் மாலை மதரஸாவில் எம்மிடம் ஓதுகிறார், பத்து வயது. சகோதரர் தயங்கித் தயங்கித்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ஹஜ்ரத், தப்பா எடுத்துக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு ஏதோ சினிமாக் கதை சொன்னீங்களாமே?"

ஆம் என்றோம்.

"அது இருக்கட்டும். நீங்க சொன்ன முடிவு பொய்னு எம் பையன் சொல்றான். ஹஜ்ரத் ஏன் பொய் சொன்னாங்கன்னு கேக்குறான். நான் என்ன பதில் சொல்றது?"

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு 'பொய் பேசாதீர்கள்' என்று கற்பித்து வருகிறோம். எம்மைப் பற்றியே இப்படியொரு கேள்வி எழுந்ததும் உடனே வாய் திறக்க இயலவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று இரண்டு நாள் தவணை கேட்டோம். அந்த இரண்டு நாட்களில் நாம் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். திரைப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்துகளை நாம் அறிவோம். இது அதைப் பற்றிய தீர்ப்பு அன்று. எமது வீட்டில் நடந்த ஒரு செய்தி, அவ்வளவே.

நடந்தது இதுதான். அந்த வாரம் சிறுவர் வகுப்பில் நபி சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தோம். படை வருவதைக் கண்ட எறும்பு தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் நுழைந்துகொள்ளுமாறு எச்சரித்ததையும், அது கேட்டு அந்த நபி புன்னகைத்ததையும் சொன்னபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த அச்சிறுவர் கையை உயர்த்தினார்.

"ஹஜ்ரத், எறும்புக்கு நாம எப்படித் தெரிவோம்?"

நல்ல கேள்வி. ஆனால் எமது பாடக்குறிப்பில் அதற்கு விடை இல்லை. சிறு வயதில் கேட்ட கதையொன்று சட்டென்று நினைவுக்கு வந்தது. வஹீயின் செய்தியோடு மனிதர் புனைந்ததைக் கலக்கக் கூடாது என்பதால், "பாடம் இத்தோடு முடிந்தது, இனிச் சொல்லப்போவது பழைய ஆங்கிலப் படமொன்றில் வரும் கற்பனைக் கதை" என்று பிரித்துச் சொல்லிவிட்டே தொடங்கினோம். நாள்தோறும் உருவம் சிறுத்துக்கொண்டே போன ஒரு மனிதனின் கதை அது. மண மோதிரம் அவன் விரலைவிட்டுக் கழன்று விழுகிறது. பிறகு பொம்மை வீட்டில் குடியிருக்கிறான். வளர்த்த பூனையே அவனை இரையென்று எண்ணித் துரத்துகிறது. வீட்டின் நிலவறைக்குள் விழுந்து, தீப்பெட்டிக்குள் படுத்து, குண்டூசியை ஈட்டியாக ஏந்திச் சிலந்தியோடு போரிடுகிறான். கடைசியில் சன்னல் வலையின் துளை வழியே வெளியேறுகிறான். வெளியே வந்ததும் பழையபடி வளர்ந்து, தன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான். மனைவி வந்து திறக்கிறாள்.

பிள்ளைகள் மகிழ்ச்சியோடு வீட்டிற்குப் போனார்கள். அச்சிறுவர் மட்டும் தாயாரின் கைபேசியில் அந்தப் படத்தைத் தேடி, அதன் இறுதிப் பகுதியைப் பார்த்திருக்கிறார். அதில் அந்த மனிதன் வளரவுமில்லை, கதவைத் தட்டவுமில்லை.

எமக்கு அந்தக் கதை எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும்.

எமது வாப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். நமதூரின் மற்றச் சபுராளிகளைப் போல இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருவார். எமக்கு ஏழு வயதானபோது வந்தவர் ஒரு வீடியோ பெட்டியையும் ஐந்தாறு நாடாக்களையும் கொண்டு வந்தார். அங்கே தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பழைய படங்களைத் தெரிந்தவர் ஒருவர் பதிவு செய்து கொடுத்தாராம். ஆட்டமும் பாட்டும் இல்லாத படங்களாகப் பார்த்துக் கேட்டு வாங்கியதாக உம்மாவிடம் சமாதானம் சொன்னார். உம்மா இரண்டு நிபந்தனைகள் விதித்தார்கள்: தொழுகை நேரத்தில் பெட்டி அணைந்திருக்க வேண்டும், பிள்ளைகள் தனியாகப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனையால் எமக்கு நன்மையே விளைந்தது. வாப்பா எம்மையும் எமது ராத்தாவையும் பாயில் அருகருகே அமர்த்தி, ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் சொல்வார். எமக்கு ஆங்கிலம் தெரியாது. படம் என்பதே வாப்பாவின் குரல்தான். சில இடங்களில் நாடாவை விரைவாக ஓட்டிவிடுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்த நாடாக்களில் ஒன்றில், உடல் முழுவதும் மயிர் நிறைந்த கொரில்லா உருவம் ஒன்று, தலையில் மட்டும் முக்குளிப்போர் அணிவது போன்ற கவசத்தோடு வரும். அது வேற்றுக்கோளிலிருந்து வந்த எந்திரமாம். 'ரோபாட் மான்ஸ்டர்' என்ற அந்தப் படம் 1953-இல் வெளிவந்தது. நான்கே நாட்களில், ஏறத்தாழ 16,000 டாலர் செலவில் எடுத்தார்கள் என்று பிற்காலத்தில் படித்தோம். எந்திர மனிதனுக்கு உடை தைக்கப் பணம் இல்லை; நடிகர் ஒருவரிடம் கொரில்லா உடுப்பு சொந்தமாகவே இருந்தது; அதற்குமேல் ஒரு கவசத்தை மாட்டிவிட்டார்கள். ராத்தா விழுந்து விழுந்து சிரித்தபோது வாப்பா சொன்னார்: "சிரிக்காதம்மா. அவன்கிட்டக் காசு இல்ல. இருந்ததை வச்சுக் கத சொல்றான்."

மறுநாள் நாம் உம்மாவின் அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, போர்வையைப் போர்த்தியபடி முற்றத்தில் திரிந்தோம். இப்போது எண்ணிப் பார்த்தால், அந்தப் படங்கள் இன்றும் விரும்பிப் பார்க்கப்படுவதற்கான காரணங்களில் ஒன்று அந்தச் சட்டியில் இருக்கிறது. இன்றைய படங்களில் கணினி வரைந்து காட்டும் அதிசயங்களைக் கண்டு பிள்ளைகள் வாய் பிளக்கிறார்கள். ஆனால் அதைத் தாமும் செய்யலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. பழைய சிக்கனப் படத்தில் கயிறும் தெரியும், அட்டையும் தெரியும். இது எப்படிச் செய்யப்பட்டது என்பது குழந்தைக்கே புரியும். புரிந்ததும் அடுப்படிக்கு ஓடிச் சட்டியை எடுக்கும்.

இன்னொரு நாடாவில் 'தி பிளாப்' என்ற 1958-ஆம் ஆண்டுப் படம் இருந்தது. வானிலிருந்து விழுந்த கல்லுக்குள் இருந்து சிவந்த கூழொன்று வெளிப்பட்டு, தொட்டவர்களை எல்லாம் விழுங்கிப் பெருக்கிறது. அந்தக் கூழ் சாயம் கலந்த சிலிகான்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அதுவரை பெரும்பாலும் கிறித்தவ மதப் படங்களை எடுத்து வந்த ஒரு சிறு குழுவினர் அதை எடுத்தார்கள். கூழுக்கு அஞ்சி மக்கள் திரையரங்கிலிருந்து அலறியடித்து வெளியே ஓடும் காட்சி அங்குள்ள ஃபீனிக்ஸ்வில் என்னும் ஊரின் அரங்கில் படமாக்கப்பட்டது. அந்த அரங்கு இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் கோடையில் விழா எடுத்து, ஊரார் அதே வாசல் வழியாக அலறிக்கொண்டே ஓடி வருகிறார்களாம். பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட எத்தனையோ படங்கள் மறக்கப்பட்டுவிட்டன. இந்தக் கூழுக்கு மட்டும் ஓர் ஊரே விழா எடுக்கிறது. தம் தெருவும் தம் ஊர்த் திரையரங்கும் அதில் இருப்பதே காரணமாக இருக்க வேண்டும்.

அந்தப் படத்தில் கூழைக் கொல்ல முடிவதில்லை. குளிரில் அது உறைந்துபோகும் என்பதைக் கண்டறிந்து, விமானத்தில் ஏற்றி வடதுருவப் பனியில் போட்டுவிடுகிறார்கள். பனி உருகாதவரை அச்சமில்லை என்ற பொருளில் கதாநாயகன் சொல்வதோடு படம் முடிகிறது. துருவப் பனி உருகிவரும் செய்தியை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எமக்கு அந்தக் கடைசிக் காட்சி நினைவுக்கு வருகிறது.

இத்தகைய முயற்சிகள் தமிழுக்கும் அந்நியமல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 1952-இல் 'காடு' என்ற படத்தை எடுத்தது. அழிந்துபோன மாமத யானைகள் அதில் வரும். அவற்றிற்கு எங்கே போவது? நம் யானைகளின் மீதே சடை மயிர்ப் போர்வைகளைப் போர்த்திவிட்டார்கள். 1963-இல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக்கோளிலிருந்து வந்தவர்கள், தம் உலகிற்கு இசை கற்பிக்க ஒரு பாடகியைத் தூக்கிச் செல்கிறார்கள். வாப்பா அந்தப் படத்தை இளம்வயதில் திரையரங்கில் பார்த்திருக்கிறார். "அங்கேயும் பாட்டு வாத்தியாருக்குப் பஞ்சம்போல" என்று சொல்லிச் சிரிப்பார்.

எமக்கு மிகவும் பிடித்தது சிறுத்துப்போகும் மனிதனின் படம்தான். பெயர் 'தி இன்க்ரெடிபிள் ஷ்ரிங்கிங் மேன்'. ரிச்சர்ட் மேத்தசன் எழுதிய நாவலை ஜாக் ஆர்னால்ட் இயக்க, 1957-இல் வெளிவந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ஏறத்தாழ எண்பது நிமிடங்கள் ஓடும். ரோபாட் மான்ஸ்டரைப் போல அத்தனை வறிய படம் அல்ல. ஆயினும் பெரும்படங்களோடு ஒப்பிட்டால் சிறு முதலீடுதான். நடிகரைச் சிறியவராகக் காட்டுவதற்காக நாற்காலி, கத்தரிக்கோல், பென்சில், குண்டூசி ஆகியவற்றைப் பேருருவில் செய்து வைத்தார்கள். ஒழுகும் நீர்த்துளிகளைப் பெரிதாகக் காட்ட, ரப்பர் பைகளில் தண்ணீர் நிரப்பி மேலிருந்து விழச் செய்தார்கள்.

கவனித்துப் பார்த்தால், அப்படத்தில் விண்கலம் இல்லை, வேற்றுலகம் இல்லை. நம் வீட்டில் உள்ள பொருட்கள் மட்டுமே உள்ளன. ஒரு பூனை, ஒரு தீப்பெட்டி, எலிப்பொறியில் வைத்த ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ஒரு சிலந்தி. பணம் குறைவாக இருந்ததால் கதை வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பார்த்தவர்களும் தம் வீட்டில் நடப்பதாகவே உணர்ந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எமது வீட்டுப் பரண்மீதிருந்த சிலந்தி வலையை நாம் வெகுநாட்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் ஏன் சிறுத்தான்? கடலில் படகில் இருக்கும்போது ஒரு விநோதமான மூடுபனி வந்து அவனைத் தழுவிச் செல்கிறது. அது அணுக்கதிர் கலந்த பனி. சில மாதங்கள் கழித்துப் பூச்சிமருந்தும் அவன்மீது படுகிறது. இரண்டும் சேர்ந்து உடலைச் சுருக்குகின்றன. இன்று இது வெறும் கட்டுக்கதையாகத் தோன்றலாம். ஆனால் அப்படம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1954 மார்ச் 1 அன்று, பசிபிக் கடலில் பிகினித் தீவுப் பகுதியில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மீது வெண்சாம்பல் மழைபோல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். தந்திக் கருவியை இயக்கி வந்தவர் அவ்வாண்டு செப்டம்பரிலேயே இறந்துபோனார். இதை நாளிதழில் படித்திருந்தவர்களுக்குக் கடலில் வரும் மூடுபனி எது என்று யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. அட்டைகளும் ரப்பர் பைகளும் பொய்யாக இருந்தாலும், அந்தப் படங்களுக்குள் இருந்த அச்சம் பொய்யல்ல. அவை நீடித்து நிற்பதற்கு இதுவும் காரணம் என்று கருதுகிறோம்.

இனி அந்த வியாழன் இரவுக்கு வருவோம். இஷாவுக்குப் பின் வீட்டார் உறங்கியதும், மடிக்கணினியில் அப்படத்தைத் தேடி எடுத்து முழுமையாகப் பார்த்தோம். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிறோம். இப்போது ஆங்கிலம் ஓரளவு புரிகிறது. வாப்பாவின் குரல்தான் இல்லை.

முதல் காட்சியிலேயே வேறுபாடு தெரிந்தது. மூடுபனி வரும்போது அவன் மனைவி படகின் கீழறைக்குப் போயிருப்பாள். டீ போடப் போயிருக்கிறாள் என்றுதான் வாப்பா சொல்லியிருந்தார். உண்மையில் அவள் பீர் எடுக்கப் போகிறாள். எமக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போகப் போகச் சிரிப்பு அடங்கியது. சிறுத்துப்போனவன் மனைவியிடம் எரிந்து விழும் காட்சிகள் எமக்குப் புதியவை. நாடாவை ஓட்டிவிட்ட இடங்கள் அவையாகத்தான் இருக்க வேண்டும். நிலவறைக் காட்சி ஒன்று எம்மை உலுக்கிவிட்டது. அவனைப் பூனை தின்றுவிட்டதாக எண்ணி, மனைவி வீட்டைக் காலி செய்து புறப்படுகிறாள். பெட்டியை எடுக்க அவளும் அவனுடைய அண்ணனும் நிலவறைக்கு இறங்கி வருகிறார்கள். அவன் தரையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறான். அவர்கள் காதில் விழவில்லை. போய்விடுகிறார்கள். இந்தக் காட்சியைப் பற்றி வாப்பா ஒரு சொல்லும் சொன்னதில்லை.

சிலந்தியைக் கொன்ற பின் அவன் வலையின் துளை வழியே வெளியேறுகிறான். வாப்பா அந்த இடத்தில் எழுந்து பெட்டியை அணைப்பார். "அவ்வளவுதான். வெளியே வந்ததும் வளந்துட்டான். வீட்டுக்குப் போய்க் கதவத் தட்டுனான்" என்பார். நாங்களும் நம்பிக்கொண்டு எழுந்து போவோம். ஆனால் படம் அங்கே முடியவில்லை. அதன்பின் சில நிமிடங்கள் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் எமக்குத் தெரியாமலே இருந்த அந்தச் சில நிமிடங்களை அன்றிரவு முதன்முறையாகப் பார்த்தோம்.

அவன் இரவில் தோட்டத்துப் புற்களிடையே நிற்கிறான். மேலே வானம் முழுவதும் விண்மீன்கள். இன்னும் சிறுத்துக்கொண்டே போகப்போகிறான், திரும்பி வளரப்போவதில்லை. அது அவனுக்குத் தெரியும். ஆனால் அச்சம் நீங்கிவிட்டது. எவ்வளவு சிறியவனாகப் போனாலும் இறைவனின் கணக்கில் தான் இல்லாமல் போவதில்லை என்ற எண்ணத்தோடு வானத்தைப் பார்க்கிறான். படம் முடிகிறது. அணுவளவும் அவன் அறிவுக்குத் தப்பாது என்று நாள்தோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அதன் சாயலை ஒரு பழைய அமெரிக்கப் படத்தின் கடைசியில் காண்போம் என்று எதிர்பார்க்கவில்லை. சிறிது நேரம் அணைந்த திரையின்முன் உட்கார்ந்திருந்தோம்.

அப்படத்தைத் தயாரித்த நிறுவனமும், அவன் பழைய உருவம் பெற்றுத் திரும்புவதாக முடிக்கவே விரும்பியதாம். இயக்குநர் இணங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1956-இல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாச்சர்ஸ்' படத்தின் இயக்குநருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. நம்பிக்கையற்ற முடிவாக இருக்கிறதென்று, முன்னும் பின்னும் காட்சிகளைச் சேர்த்து மாற்ற வைத்தார்கள். ஆக, ஹாலிவுட் முதலாளிகள் செய்ய நினைத்ததையும் செய்ததையும், நமதூரில் ஒரு மளிகைக் கடை ஊழியர் வீடியோ பெட்டியின் ஒரு பொத்தானை அழுத்திச் செய்து முடித்திருக்கிறார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வாப்பா திண்ணையில் அமர்ந்திருந்தார். எழுபத்தேழு வயதாகிறது, செவி சற்று மந்தம். அருகில் அமர்ந்து கேட்டோம்.

"வாப்பா, அந்தச் சின்னதாப் போற மனுசன் படம் நினைவிருக்கா?"

"சிலந்திய ஊசியால குத்துவானே, அவன்தானே?"

"அவன் கடைசில வளரவே இல்ல வாப்பா. வீட்டுக்கும் போகல."

வாப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"பிறகு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உனக்கு அப்ப ஒன்பது வயசு. மறுநாள் நான் சபர் கெளம்பணும். பெட்டியெல்லாம் கட்டி வச்சாச்சு. கடைசியா அந்தப் படத்தப் போடுன்னு நீதான் அடம்புடிச்சே. வீட்டு மனுசன் வீட்டுக்குத் திரும்பி வரலன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? விடிஞ்சா நீ பஸ் ஸ்டாண்டுல நிக்கணும், நான் கையாட்டணும்."

நாம் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார்.

"கீழே இருந்து கூப்புடுவான், மேல யாருக்கும் கேக்காது. அந்த இடம் வரும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். அங்கே ஒரே ரூம்ல எட்டுப் பேரு. உங்க உம்மாவுக்குப் பிரசவம்னு கடுதாசி வந்து சேர்றதுக்குள்ள நீ பொறந்து பத்து நாளாச்சு. எனக்கு அந்தக் கத புரிஞ்சுது தம்பி. உங்களுக்குப் புரிய வேணாம்னு நெனச்சேன்."

பிறகு எம்மைத் திரும்பிப் பார்த்தார். "பொய்தான். அதுக்குத் தவ்பா செஞ்சிருக்கேன்."

"டீன்னு சொன்னதுக்குமா?"

"அதுக்கும்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

கைபேசியில் அந்த இறுதிப் பகுதியை எடுத்து, வலையிலிருந்து அவன் வெளியேறும் இடத்திலிருந்து ஓட விட்டோம். வாப்பா கைபேசியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒலி அவருக்குக் கேட்டிருக்காது. விண்மீன்கள் வந்தபோது, "இது இவ்வளவு அழகா இருக்கும்னு மறந்தே போச்சு" என்றார். படம் முடிந்ததும் கைபேசியை எம்மிடம் கொடுத்துவிட்டு, மக்ரிபுக்கு முன்கூட்டியே ஒளூச் செய்ய எழுந்து போனார்.

சனிக்கிழமை மதரஸா வகுப்பில் முதல் வேலையாக அந்தச் செய்தியை எடுத்தோம். "நாம் சொன்ன முடிவு தவறானது. உங்கள் தோழர் சொன்னதே சரி. நாம் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆனால் சரிபார்க்காமல் சொன்னோம். அது எமது குறை" என்றோம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்வது எத்துணை முக்கியம் என்று மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். ஒரு கதையை அறிவித்தவர் எமது வாப்பா என்பதால் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆராயாமலே இருந்துவிட்டோம். அன்பிற்குரியவர் சொன்னால் மனம் கேள்வி கேட்பதில்லை. அந்த அன்பில் குறையில்லை. ஆனால் பிறருக்கு எடுத்துச் சொல்லும் முன் நாம் சரிபார்த்திருக்க வேண்டும்.

அச்சிறுவர் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்பு கேட்டார்: "ஹஜ்ரத், அப்ப அந்த ஆளு கடைசில என்னதான் ஆனான்?"

"தெரியாது. படம் அதைக் காட்டவில்லை. ஆனால் அவன் பயப்படவில்லை" என்றோம். எமது வாப்பா ஏன் முடிவை மாற்றினார் என்பதையும் சுருக்கமாகச் சொன்னோம். அந்த வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகள். பதினொருவரின் தகப்பனார் இன்றும் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். வகுப்பு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. ஒரு சிறுமி மட்டும், "என் வாப்பா நோன்புப் பெருநாளைக்கு வர்றாங்க" என்றார். இன்ஷா அல்லாஹ் என்று சொல்லுமாறு சொன்னோம். சொன்னார்.

அன்று மாலை அச்சகோதரரின் வீட்டிற்கே சென்று நடந்ததை எல்லாம் விளக்கினோம். அவருடைய கண்டிப்பில் நியாயம் இருந்தது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளை கைபேசியில் தேடும்படி ஆனதற்கு எமது கதையே காரணம். இனி இவ்வாறான கதைகளைச் சொல்வதாயின் பெற்றோருக்கு முன்பே தெரிவிப்பது என்று இருவரும் முடிவு செய்தோம். மகன் ஒரு படத்தைப் பார்க்கத்தான் போகிறான் என்றால், பக்கத்தில் அமர்ந்து விளக்கம் சொல்ல ஒருவர் இருக்கட்டும் என்று எமது உம்மாவின் பழைய நிபந்தனையையும் அவரிடம் சொல்லி வைத்தோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, தம் வாப்பாவும் பதினெட்டு ஆண்டுகள் ஜித்தாவில் இருந்தவர் என்றார். அதற்குமேல் இருவரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை.

பழைய சிக்கனப் படங்கள் ஏன் நீடிக்கின்றன என்று இப்போது எம்மைக் கேட்டால், அவற்றில் நிறைய வெற்றிடம் இருந்தது என்போம். பணம் போதாத இடங்களில் எல்லாம் பார்ப்பவர் தம் வாழ்வை இட்டு நிரப்பிக்கொள்ள முடிந்தது. எமது வாப்பா தம் இருபத்திரண்டு ஆண்டுகளை அங்கே வைத்தார். எமக்குத் தெரியாமல் வைத்தார்.

வயதான பெற்றோர் வீட்டில் இருப்போர், அவர்கள் நமக்குச் சொன்ன பழைய கதைகளை ஒருமுறை திரும்பக் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று விசாரியுங்கள். சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பிழைப்புக்காகக் குடும்பத்தைப் பிரிந்து தொலைவில் இருக்கும் அனைவரையும் வல்ல அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக! எமது பெற்றோரின் பிழைகளையும் எமது பிழைகளையும் பொறுத்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.